மேனேஜரின் பச்சைக்கறியும் உங்கள் அத்தையின் நாலு நாள் படுக்கையும்

அன்பும் மரியாதையும் நிறைந்த மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அத்தையும் சுகம். அங்கே நீங்களும் என் மகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். மேற்படி வரியில் "உங்கள் அத்தையும்" என்று எழுதும் தகுதி எனக்கு முந்தாநாள்தான் திரும்பக் கிடைத்தது. அது எப்படி என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லலாமே என்பீர்கள். போனில் நான் வாயைத் திறப்பதற்குள் "சரிங்க மாமா, சரிங்க மாமா" என்று நீங்கள் எல்லாவற்றுக்கும் ஒத்துக்கொண்டுவிடுகிறீர்கள். அதற்கு மேல் ஒரு மனுஷன் எப்படிக் கோபப்படுவது? கடிதத்தில் அந்தத் தொந்தரவு இல்லை. கடைசி வரி வரை நிதானமாகக் கோபப்படலாம்.

ஆறு மாதப் பயிற்சிக்கு நீங்கள் இருவரும் கிளம்பியபோது, அங்கே தங்குமிடத்தில் நாய்க்கு அனுமதி இல்லை என்று மேனேஜரை எங்களிடம் விட்டுவிட்டுப் போனீர்கள். அடுத்தவர் வேலை செய்யும்போது தான் ஒன்றும் செய்யாமல் எதிரே உட்கார்ந்து முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பதால் என் மகள் வைத்த பெயர் அது. பொருத்தமான பெயர்தான், அதைக் குறை சொல்லவில்லை. நான் சொல்ல வருவது அதன் சாப்பாட்டைப் பற்றி. நீங்கள் கணினியில் அடித்து, பிளாஸ்டிக் உறை போட்டு, எங்கள் ஃப்ரிட்ஜ் கதவில் காந்தத்தால் ஒட்டிவிட்டுப் போன தாளை நான் ஒரு அரசாங்க உத்தரவு மாதிரி மதித்தேன். காலையில் கோழிக் கழுத்து இரண்டு, சாயங்காலம் ஈரல், இதயம், எலும்போடு அரைத்த கறி, எல்லாம் பச்சையாக, அடுப்பைக் காட்டவே கூடாது, வேகவைத்ததைத் தின்றுதான் அதற்கு அரிப்பு வந்தது, நாயின் முன்னோர்கள் அடுப்பு வைத்துச் சமைக்கவில்லை என்று கீழே ஒரு குறிப்பு வேறு. என் முன்னோர்கள்கூடத்தான் ஃப்ரிட்ஜ் வைத்திருக்கவில்லை என்று எனக்குத் தோன்றியது. ஆனால் மாப்பிள்ளை எழுதியதை எதிர்த்துப் பேசும் பழக்கம் எனக்கு இல்லை.

நான் யார் என்று உங்களுக்குத் தெரியும். முப்பத்தோரு வருஷம் ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் மேற்பார்வையாளராக இருந்தவன். கொதிக்கிற தண்ணீரைப் பார்க்காத ஒரு படுக்கை விரிப்பைக்கூட வார்டுக்கு அனுப்பியவன் இல்லை. அப்படிப்பட்டவன் வீட்டுக்குள் பச்சைக் கோழியை விட்டேன் பாருங்கள், காலையில் அதை ஃப்ரீசரிலிருந்து எடுத்து அடுப்பு மேடையில் வைத்துவிட்டு நடைப்பயிற்சிக்குப் போய்விடுவேன், திரும்பி வருவதற்குள் அது இளகி, தட்டு நிரம்பி, சொட்டுச் சொட்டாகப் பக்கத்தில் இருக்கிற வெள்ளரிக்காய்க் கூடையில் இறங்கியிருக்கும், நான் மேடையைத் துடைக்கிற துணியால் அதையும் துடைத்துவிட்டு, அதே துணியைப் பிழிந்து அதே இடத்தில் காயப் போடுவேன். கண்ணுக்குப் பளிச்சென்று இருந்தது. அதோடு உங்கள் மேனேஜர் கிண்ணத்தில் வைத்ததைக் கிண்ணத்தில் சாப்பிடுகிற ஜாதி இல்லை. ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டுபோய்ச் சோபாவில் உட்கார்ந்துதான் சாப்பிடும். ஒருநாள் மாடி வீட்டு டியூஷன் டீச்சர் வந்து, அத்தையோடு பேசிக்கொண்டே முதுகுக்குப் பின்னால் கையை விட்டு, "என்னம்மா இது, இங்க ஏதோ ஈரமா இருக்கே" என்று வெளியே எடுத்தார். நாளைக்கு ஆகட்டும் என்று மேனேஜர் மிச்சம் பிடித்து வைத்திருந்த கோழிக் கழுத்து. அதற்குப் பிறகு டீச்சர் எங்கள் வீட்டுக்குள் வருவதில்லை. மாடிப்படியில் நின்று கையசைப்பதோடு சரி.

நடுவில் ஒருநாள் நீங்கள் போன் பண்ணி, "கையுறை போட்டுக்கிறீங்களா மாமா?" என்று கேட்டீர்கள். "போட்டுக்கிட்டுத்தான் பேசிட்டிருக்கேன் மாப்பிள்ளை" என்று பெருமையாகச் சொன்னேன். அந்தக் கையுறையோடுதான் போனை எடுத்திருந்தேன், குழாயைத் திறந்திருந்தேன், கண்ணாடியைத் தூக்கிவிட்டிருந்தேன், உங்கள் அத்தை நீட்டிய காபி டம்ளரையும் வாங்கியிருந்தேன். நீங்களும் "சரிங்க மாமா" என்றீர்கள்.

அத்தையைப் பற்றியும் சொல்ல வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து நாயைக் கண்டால் தெருவின் எதிர்ப்பக்கம் போகிறவள் அவள். மேனேஜர் வந்த பத்தாவது நாளே, அவள் டிவி முன்னால் உட்கார்ந்தால் அது சாப்பிட்டு முடித்த வாயோடு வந்து, முன்னங்காலை அவள் மடியில் வைத்து, தாடையிலிருந்து கன்னம்வரை ஒரு நக்கு நக்கும். "போதும்டா, போதும்டா" என்பாள். முகத்தை மட்டும் திருப்பமாட்டாள். எனக்குச் சிரிப்பாக இருந்தது. நானும் தடுக்கவில்லை.

போன செவ்வாய்க்கிழமை மதியம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். காலையில் அந்த வெள்ளரிக்காயை, நான் கறி வெட்டுகிற அதே பலகையில் நறுக்கிச் சாப்பிட்டிருக்கிறாள். சாயங்காலத்துக்குள் வாந்தி, வயிற்றுப்போக்கு, புதன்கிழமை காலையில் உடம்பு அனலாகக் கொதித்தது. மாப்பிள்ளைக்குச் சொல்ல வேண்டாம், பயிற்சியை விட்டுவிட்டு ஓடி வந்துவிடுவார் என்று அவளே என் வாயைப் பொத்திவிட்டாள். ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தேன். நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரி இல்லை இது, வேறு. கட்டிலில் அவளைப் படுக்க வைத்ததும் பழக்க தோஷத்தில் விரிப்பின் ஓரத்தைத் தூக்கித் தையலையும் வெளுப்பையும் பார்த்தேன். நன்றாகத்தான் வெளுத்திருந்தார்கள். அப்புறம்தான் அதன்மேல் கிடந்தவளைப் பார்த்தேன். ஆயிரம் ஆயிரமாக விரிப்புகளைப் பார்த்திருக்கிறேன் மாப்பிள்ளை, அதில் படுத்திருப்பது என் வீட்டு ஆளாக இருந்தால் எப்படி இருக்கும் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. கையில் டிரிப் ஊசி, உதடு வெடித்து, அவ்வளவு சின்னதாகத் தெரிந்தாள்.

டாக்டர் வந்து கேட்க ஆரம்பித்தார். வெளியே சாப்பிட்டாரா, முட்டை சரியாக வேகாமல் சாப்பிட்டாரா, வீட்டில் வேறு யாருக்காவது இப்படி இருக்கிறதா. அத்தை காய்ச்சல் வேகத்தில் கண்ணை மூடிக்கொண்டே, "வீட்டுல மேனேஜர் ஒருத்தர் இருக்காரு" என்றாள்.

"அவருக்கும் வயித்துப்போக்கா?"

"அவரு நல்லாத்தான் இருக்காரு. எல்லாம் பச்சையாத்தானே சாப்பிடுறாரு."

"பச்சையா என்ன சாப்பிடுறாரு?" என்று டாக்டர் என்னைப் பார்த்தார்.

"காய்கறிங்க" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. மாப்பிள்ளை சொல்லிச் செய்த காரியத்தை வெளியாள் முன்னால் விட்டுக்கொடுக்கக் கூடாது என்பது ஒன்று. அந்தப் பலகையைக் கழுவாமல் துடைத்தவன் நான்தான் என்பது இன்னொன்று. டாக்டர் "நல்ல பழக்கம்" என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். அந்த மதியம் முழுக்க நான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். ஒரு தடவை கண் விழித்து, "மேனேஜர் சாப்பிட்டாச்சா?" என்று கேட்டாள். தான் சாப்பிட்டு ஒன்றரை நாள் ஆகிறது, கேட்கிற கேள்வியைப் பாருங்கள். அதற்குமேல் என்னால் உட்கார முடியவில்லை. டாக்டர் கிளம்புகிற நேரத்தில் நடைபாதையில் மறித்து, "மேனேஜர்ங்கிறது நாய்ங்க. சாப்பிடுறது காய்கறி இல்லை, பச்சைக் கோழி. வெட்டுறது நான்" என்று மூச்சுவிடாமல் சொல்லிவிட்டேன். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் பையைக் கீழே வைத்துவிட்டு, "இதைக் காலையிலயே சொல்லியிருக்கலாமே சார்" என்றார். "நாய்க்கு ஒண்ணும் ஆகாம இருக்கலாம், அதுதான் இதுல சிக்கலே. அது பாட்டுக்கு ஓடியாடிக்கிட்டிருக்கும், வாயிலயும் மலத்திலயும் கிருமி வந்துக்கிட்டிருக்கும். நமக்குத் தெரியவே தெரியாது. வயசானவங்க, சின்னக் குழந்தைங்க, கர்ப்பமா இருக்கிறவங்க, இவங்களுக்குத்தான் இது பெரிய ஆபத்து. அம்மாவுக்குச் சர்க்கரை வேற இருக்கு." பரிசோதனையில் அதேதான் வந்தது. சால்மொனெல்லாவாம். பெயரைக் கேட்டால் வெளிநாட்டுப் பாட்டுக்காரி மாதிரி இருக்கிறது, செய்கிற வேலை இது. நாலு நாள் டிரிப் ஏற்றி, மருந்து கொடுத்து, சனிக்கிழமை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

இடையில் நான் மேனேஜரையும் உங்கள் தாளையும் எடுத்துக்கொண்டு கால்நடை மருத்துவரம்மாவிடம் போனேன். என் மாப்பிள்ளை இப்படி எழுதிக் கொடுத்து எங்களை மாட்டிவிட்டார், ஒரு எச்சரிக்கைகூட இல்லை என்று தாளை அவர் முன்னால் போட்டேன். அந்தம்மா பொறுமையாகப் படித்துவிட்டுத் தாளைத் திருப்பினார். "சார், பின்பக்கம் படிச்சீங்களா?" என்றார்.

அந்தத் தாளுக்குப் பின்பக்கம் உண்டு என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். கறிக்குத் தனிப் பலகை, தனிக் கத்தி. மூடிய டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜின் கீழ்த் தட்டில்தான் இளக வைக்க வேண்டும். கிண்ணத்தையும் கையையும் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். முகத்தை நக்க விடக் கூடாது. கடைசியில் சிவப்பில், "அத்தைக்குச் சர்க்கரை இருப்பதால் அவர் இதைத் தொடவே வேண்டாம், மாமா" என்று இருந்தது. ஒரு மாதமாக அந்தப் பக்கம் ஃப்ரிட்ஜ் கதவைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறது, நான் இந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறேன். மாப்பிள்ளை, இதற்கு மேல் நான் கோபப்பட எனக்குக் காரணம் ஏதும் இல்லை. இருந்தாலும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது: உயிர் போகிற விஷயத்தைப் பின்பக்கத்திலா எழுதுவது?

மருத்துவரம்மா உங்களையும் விட்டுவைக்கவில்லை என்பதில் எனக்குச் சின்ன ஆறுதல். "இவ்வளவும் ஒழுங்கா செஞ்சாலும் பச்சைக்கறியில கிருமி இருக்கத்தான் செய்யும். வீட்டுல இப்படி ஒருத்தர் இருக்கும்போது எதுக்கு வம்பு? வேகவச்சே போடுங்க. எலும்பை மட்டும் வேகவச்சுப் போட்டுடாதீங்க, உடைஞ்சு குத்திடும்" என்றார். என்னென்ன எவ்வளவு என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். பிறகு மேனேஜரின் ரோமத்தை விலக்கிப் பார்த்து, "அரிப்புக்குக் காரணம் சாப்பாடு இல்லை, தெள்ளுப்பூச்சி" என்றார். இத்தனை கோழிகள் எதற்காகச் செத்தன என்று நான் அங்கே கேட்கவில்லை, இங்கேயும் கேட்கவில்லை.

இப்போது வீட்டில் பழைய பலகையைத் தூக்கிப் போட்டாகிவிட்டது. துணிகளை அண்டாவில் போட்டுக் கொதிக்க வைத்தேன். பழைய உத்தியோகம் திரும்பக் கிடைத்த மாதிரி இருந்தது. சோபா உறையும் கொதித்தது, சுருங்கிவிட்டது. ஆனால் என் மனசு ஆறவில்லை. அவள் டிவி முன்னால் உட்கார்ந்ததும் அந்த நாய் எழுந்து நடந்தால் நான் துண்டோடு நடுவில் போய் நிற்கிறேன். ஆகவே, வருத்தத்தோடு எழுதுகிறேன்: வருகிற ஞாயிற்றுக்கிழமை நீங்கள் நேரில் வந்து மேனேஜரை அழைத்துக்கொண்டு போய்விட வேண்டும். எங்கே வைத்துக்கொள்வீர்கள் என்பது உங்கள் பாடு. இதை நான் இன்னும் அத்தையிடம் சொல்லவில்லை. என் முடிவில் மாற்றம் இல்லை.

உங்களுக்கும் என் மகளுக்கும் நீண்ட ஆயுளும், எடுத்த காரியத்தில் வெற்றியும், நோய்நொடி இல்லாத வயிறும் வாய்க்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் நலம் விரும்பும் மாமனார்

பின்குறிப்பு: உறையில் போடும் முன் அத்தையிடம் படித்துக் காட்டினேன். கடைசிப் பத்தி வந்ததும், "நாயை அங்க அனுப்புறதா? உங்களுக்குப் புத்தி இருக்கா?" என்றாள். "நம்ம பொண்ணு காலையில போன் பண்ணினா. முழுகாம இருக்காளாம். டாக்டர் என்ன சொன்னாரு? கர்ப்பமா இருக்கிறவங்களுக்கு ஆபத்துன்னு சொன்னாரா இல்லையா? மாப்பிள்ளை மறுபடியும் அந்தப் பச்சைக்கறியைத்தான் எடுத்து வைப்பாரு. மேனேஜர் எங்கேயும் போகாது. நான் பாத்துக்கிறேன், வேகவச்சு." எனவே மேலே ஆறு பக்கத்தில் எழுதியதை எழுதாததாக எடுத்துக்கொள்ளவும். நாயைக் கேட்டு வர வேண்டாம். நீங்கள் வரலாம்.

இதையும் படித்துக் காட்டியபோது அத்தை தலையில் கை வைத்துக்கொண்டாள். அந்தச் செய்தி உங்களுக்கே இன்னும் தெரியாதாம். வருகிற சனிக்கிழமை டாக்டரைப் பார்த்து உறுதி செய்துகொண்ட பிறகு உங்களிடம் சொல்லலாம் என்று மகள் இருக்கிறாளாம். கடிதத்தைத் திரும்ப எழுத என்னால் ஆகாது, இவ்வளவு கோபம் இரண்டாம் தடவை வராது. சனிக்கிழமை அவள் சொல்லும்போது முதல்முறை கேட்பதுபோல முகத்தை வைத்துக்கொள்ளவும். உங்களுக்கு அது வராது என்கிறாள் அத்தை. கண்ணாடி முன்னால் இரண்டு தடவை செய்து பார்க்கவும். "சரிங்க" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.