ஐந்து விதை, பதினைந்து முளை

தொட்டியில் ஐந்து பீன்ஸ் விதைகளை ஊன்றி ஒன்பது நாளாயிற்று. ஒன்றும் தலைகாட்டவில்லை. தையல்காரர் கவலைப்பட்டது பீன்ஸுக்காக இல்லை, மாமனாரின் முழங்காலுக்காக.

முழங்காலில் ஆபரேஷன் முடிந்து மூன்று வாரம். நடந்தால்தான் கால் மடங்கும், இல்லாவிட்டால் விறைத்தே போய்விடும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். மாமனாரோ கட்டிலிலிருந்து குளியலறை வரைதான், அதற்கு மேல் ஓரடி எடுத்து வைக்கமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தார். பழைய கோப்புகளைக் காக்கும் ஆபீசில் முப்பது வருஷம் வேலை பார்த்த மனுஷர். எதையும் தூக்கிப் போட மனசு வராது. பிஸ்கட் டப்பாவில் தேதி போட்டு வைத்திருந்த ஒன்பது வருஷத்துப் பழைய பீன்ஸ் விதையை மகள் குப்பையில் கொட்டப் போக, வீடே இரண்டுபட்டது.

"பழசுன்னா ஒண்ணுக்கும் ஆகாதா? இது முளைக்கும், பாரு. முளைக்கிற அன்னைக்கு நான் தெருமுனை வரைக்கும் நடந்து காட்டறேன்" என்றார்.

அவர் விதையைப் பற்றி மட்டும் பேசவில்லை என்பது மருமகனுக்குப் புரிந்தது. பாவமாக இருந்தது. அந்த டப்பாவிலிருந்து ஐந்து விதையை ஊன்றி, ஜன்னலோரம், கட்டிலிலிருந்தே பார்க்கிற மாதிரி தொட்டியை வைத்துக் கொடுத்தார்.

பத்தாம் நாள் காலை, மாமனார் குளிக்கப் போன சமயம் பார்த்து, தையல்காரர் கோணி ஊசியால் மண்ணைக் கிளறினார். ஐந்தும் கொழகொழவென்று அழுகிக் கிடந்தன. பொறுக்கிக் குப்பையில் போட்டார். மூன்று தெரு தள்ளியிருந்த விதைக் கடையில் புது விதை ஐந்து வாங்கி வந்து, மறுநாள் அதே குளியல் நேரத்தில் ஊன்றினார். பெண்டாட்டியிடம்கூட மூச்சு விடவில்லை.

ஒரு வாரத்தில் முளைத்தது. முதலில் நாலு, மத்தியானம் எட்டு, சாயங்காலம் பதினொன்று. ஊன்றியது ஐந்துதானே என்று தையல்காரர் மறுபடி எண்ணிப் பார்த்தார். மாமனார் அசந்திருந்த நேரத்தில், உபரியை வெட்டிவிடலாம் என்று நூல் வெட்டும் கத்தரியோடு குனிந்தார்.

"என்ன மாப்பிள்ளை, செடிக்கு அளவெடுக்கறீங்களா?" என்று கட்டிலிலிருந்து குரல் வந்தது.

"பூச்சி இருக்கான்னு பார்த்தேன் மாமா."

கத்தரி பைக்குள் போயிற்று. வேறு வழியில்லாமல், வேருக்கு நல்லது என்று சொல்லி இரண்டு கை மண்ணை அள்ளிப் போட்டு மூடினார். மறுநாள் காலை அந்த மண்ணையும் பிளந்துகொண்டு பதினைந்து நின்றன.

மாமனார் ஒரு தடவை எண்ணினார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை எண்ணினார். திருதிருவென்று விழித்தார். "இதுல ஏதோ தில்லுமுல்லு இருக்கு. நான் நடக்கமாட்டேன்" என்று போர்வையை முகம் வரை இழுத்துக்கொண்டார்.

நல்லது செய்யப் போய் எல்லாம் பாழாயிற்று. சமையலறையில் தையல்காரர் புது விதை ஊன்றிய குற்றத்தை ஒப்புக்கொண்டதும், டீச்சரம்மாவான அவர் மனைவி பள்ளிக்கூடப் பையைக் கீழே வைத்தாள்.

"நீங்களுமா? நானும் அஞ்சு போட்டேங்க. அப்பா முகத்தைப் பார்க்க முடியல."

ஐந்தும் ஐந்தும் பத்து. மிச்சம் ஐந்து?

"அப்படின்னா அது அப்பாவோட விதை! நிஜமாவே முளைச்சிடுச்சுங்க!" என்று அவள் கண்கலங்கினாள். அந்த ஐந்தையும் தன் கையாலேயே குப்பையில் போட்டதைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

தலை சுற்ற வெளியே கிளம்பினார். வாசல்படியில் மாமனாரின் செருப்பு காலை இடறியது. யார் இதை இங்கே போட்டது என்று முணுமுணுத்துக்கொண்டே ஓரமாகத் தள்ளிவிட்டு, நேரே விதைக் கடைக்குப் போனார். ஒரு விதையில் இரண்டு செடி வருமா என்று கேட்டார். அப்படி வந்தால், மாமாவிடம் சொல்லி எப்படியாவது நடக்க வைத்துவிடலாம்.

கடைக்காரர் விதைப் பொட்டலத்தை மடித்தபடியே சிரித்தார்.

"அதெல்லாம் வராதுங்க. போன வாரம்கூட ஒரு பெரியவர், ஆபரேஷன் பண்ணின காலோட, தடியை ஊனி நடந்தே வந்தாரு. 'போட்ட விதை முளைக்கல, பொண்ணும் மாப்பிள்ளையும் தினம் தொட்டியை எட்டி எட்டிப் பார்த்து ஏங்கறாங்க, மனசு கேக்கல'ன்னு அஞ்சு விதை வாங்கிட்டுப் போனாரு."