இப்ப எவ்வளவு, மாப்பிள்ளை?

முப்பத்தி நாலு.

பின்சீட்டு மாமியாருக்குப் பதில் சொல்லிவிட்டு, கண்ணாடிக்காரர் கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தார். புதுக் காரின் நடுத்திரையில் கொட்டை எழுத்தில் அதே முப்பத்தி நாலு. பக்கத்தில் பொடிசாக ஒரு குறி. சதவீதக் குறியாகத்தான் இருக்க வேண்டும். ஊரில் பாதிப் பேர் மூக்கில் அவர் கடைக் கண்ணாடிதான் உட்கார்ந்திருந்தது. தனக்கும் பொடி எழுத்து கலங்குகிறது என்பதை மட்டும் அவர் ஒப்புக்கொள்வதாக இல்லை.

"ராத்திரி பூரா சார்ஜ் போட்டேனே! முப்பத்தி நாலுதானா ஏறிச்சு?" என்று முணுமுணுத்தார்.

"என்னங்க, கிளம்பலாமா?" என்றாள் பின்சீட்டிலிருந்த மனைவி.

"கிளம்பிட்டே இருக்கேன்."

இறங்கிப் போய் மறுபடி சார்ஜ் போடலாம்தான். ஆனால் பக்கத்து சீட்டில், முழங்கால் மோவாயில் இடிக்க, மாமனார் உட்கார்ந்திருந்தார்.

மாமனார் ஆயுசு முழுக்கப் பெட்ரோல் பங்க் நடத்தியவர். மாப்பிள்ளை மின்சாரக் கார் வாங்கியதை, எதிர்க்கட்சியில் போய்ச் சேர்ந்துவிட்ட மாதிரி எடுத்துக்கொண்டார். முதல் நாளே காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, "சோப்பு டப்பான்னு நினைச்சேன். பரவாயில்லை, உள்ள சீட்டெல்லாம் இருக்கு" என்று சான்றிதழ் கொடுத்தார்.

மலைமேல் மச்சான் ஒரு தங்கும் விடுதி கட்டியிருந்தான். இன்று சாயங்காலம் திறப்பு விழா. ரிப்பன் வெட்டப் போவது மாமனார்.

"இதுலயே மலையேறிக் காட்டுங்க மாப்பிள்ளை. ஏறிட்டா நானும் இதே மாதிரி ஒண்ணு வாங்கிக்கறேன். ஏறலைன்னா இதை வித்துட்டு என் பழைய வண்டியை நீங்க எடுத்துக்கணும்" என்று அவர் சவால் விட்டபோது, கண்ணாடிக்காரர் வீராவேசமாகத் தலையாட்டிவிட்டார். மாமனாரின் பழைய வண்டி நாலு பேர் தள்ளினால்தான் கிளம்பும். கிளம்பிவிட்டால் தெருவே உட்கார்ந்து இருமும்.

கார் விற்ற பெண் அன்றைக்கு எல்லாவற்றையும் பொறுமையாக விளக்கத்தான் செய்தாள். அப்போது அவர் ஹாரனை அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். காதில் விழுந்தது ஒன்றே ஒன்றுதான்: "சார்ஜை மட்டும் பதினஞ்சுக்குக் கீழ இறங்க விடாதீங்க சார், பேட்டரிக்கு நல்லதில்லை."

வழிகாட்டும் செல்போனை ஸ்டீயரிங்குக்குப் பின்னால் வாகாக ஒட்டிவைத்துவிட்டு, வருவது வரட்டும் என்று கிளப்பினார்.

"ஸ்டார்ட் ஆகலையே" என்றார் மாமனார்.

"தெருமுனைக்கே வந்துட்டோம் மாமா."

ஊரைத் தாண்டி மலையடிவாரம் வரும்வரை எண் அசையவில்லை. அவருக்கு உயிர் வந்தது. முதல் வளைவு ஏறியதும் முப்பத்து மூன்று. அடுத்த சில வளைவுகளில் முப்பத்தொன்று.

அந்த நேரம் பார்த்துப் பின்சீட்டிலிருந்து மாமியார், காதில் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்த ஒயரில் ஒன்றைக் கழற்றிவிட்டு முன்னால் எட்டிப் பார்த்தார். "இப்ப எவ்வளவு, மாப்பிள்ளை?"

மாமியார் அதிகம் பேசாத மனுஷி. அவரே திரும்பத் திரும்பக் கேட்கிறார் என்றால் சங்கதி வெளியே தெரிந்துவிட்டது என்றுதானே அர்த்தம்? "முப்பத்தொண்ணு அத்தை" என்றார் ஈனஸ்வரத்தில்.

"நல்லது" என்று மாமியார் ஒயரை மறுபடி காதில் செருகிக்கொண்டார். எவ்வளவு பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டார் மருமகன்.

சிக்கனம் ஆரம்பமாயிற்று. முதலில் ஏசியை அணைத்தார்.

"ஏன், அதுவும் கெட்டுப்போச்சா?" என்றார் மாமனார்.

"இயற்கைக் காத்து உடம்புக்கு நல்லது மாமா." ஜன்னல்கள் இறங்கின. அடுத்து ரேடியோ போயிற்று. அதற்கடுத்து, மாமனார் சார்ஜ் போட்டிருந்த செல்போனின் ஒயரை நைசாக உருவினார். எண் இருபத்தெட்டுக்கு வந்துவிட்டது.

பின்பக்கம் காட்டும் கண்ணாடி வழியாக மனைவி கண்ணால் 'என்ன?' என்று கேட்டாள். அவர் கண்ணால் 'குறையுது' என்றார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர்கள் இவ்வளவு நீளமாகக் கண்ணால் பேசிக்கொண்டது அதுதான் முதல் தடவை.

"பாரம்தான் காரணம்" என்று முடிவு கட்டினார். பின்னால் டிக்கியில், விடுதி வாசலில் வைக்க மாமனார் ஆசையாக வாங்கிய இரண்டு கல் பூத்தொட்டிகள் இருந்தன. ஒவ்வொன்றும் ஓர் ஆள் கனம். சாலையோரப் பழக்கடையில் நிறுத்தி, மாமனார் ஆப்பிளைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்த சமயத்தில், இரண்டையும் இறக்கிக் கடைக்காரம்மாவிடம் ஒப்படைத்தார். "நாளைக்கு வந்து எடுத்துக்கறேம்மா."

"தூக்கிட்டுப் போகத் தெம்புள்ள கார்ல வாங்க" என்றாள் அந்த அம்மா.

தூக்கியதில் இடுப்பு பிடித்துக்கொண்டது. காரில் ஏறிப் பார்த்தார். இருபத்தைந்து!

"நின்னுக்கிட்டு இருந்தப்பவே மூணு போயிடுச்சே!" என்று அலறியேவிட்டார்.

"என்ன போயிடுச்சு?"

"நேரம் மாமா, நேரம்."

இனி இறக்குவதற்குப் பாக்கி இருந்த பாரம் மாமனார்தான். செங்குத்தான வளைவு ஒன்று வந்தது. "மாமா, இந்த இடத்துல பள்ளத்தாக்கு பிரமாதமா தெரியுமாம். நடந்து பார்த்தாத்தான் அழகாம். அடுத்த வளைவுல நாங்க நிக்கறோம்."

நல்ல வேளையாக மாமனாருக்கு இயற்கைக் காட்சி பிடிக்கும். இறங்கி நடந்தார். இரண்டாவது வளைவில் மருமகன், "இங்கயும் நடந்து பார்த்தாத்தான் அழகாம்" என்றபோது சந்தேகப்பட்டார். மூன்றாவது வளைவில் மூச்சிரைத்தபடி காரின் கதவைப் பிடித்துக்கொண்டு, "மாப்பிள்ளை, உண்மையைச் சொல்லுங்க. வண்டியில என்ன கோளாறு?" என்றார்.

"கோளாறெல்லாம் இல்லை. ஒரே ஒரு நிமிஷம், முடி வெட்டிக்கணும்."

சாலைத் திருப்பத்தில் ஒரு சலூன் தெரிந்ததுதான் காரணம். சலூன் என்றால் மின்சாரம் இருக்கும். இருந்தது. ஆனால் சலூன்காரர் லேசுப்பட்டவர் இல்லை.

"பிளக்குல கார் மாட்டறதுக்கா கடை வெச்சிருக்கேன்? யாராவது சேர்ல உட்காருங்க. உட்கார்ந்திருக்கிற வரைக்கும் சார்ஜ் போட்டுக்கங்க."

மாமனார் தொப்பியைக் கழற்றிக் காட்டினார். உள்ளே வெட்டுவதற்கு ஒன்றும் இல்லை. வேறு வழியின்றிக் கண்ணாடிக்காரரே உட்கார்ந்தார். ஒயர் ஜன்னல் வழியாக வெளியே போயிற்று. மனைவி திரையைப் பார்த்துச் சத்தம் கொடுக்கும் வேலையை ஏற்றுக்கொண்டாள்.

முடிவெட்டு முடிந்தது. "எவ்வளவு?" என்று கத்தினார்.

"இருபத்தொண்ணு!"

"ஏறுதா?"

"இறங்குதுங்க!"

"இன்னும் கொஞ்சம் வெட்டுங்க" என்றார் சலூன்காரரிடம். ஷேவிங் நடந்தது. மீசை ஒதுக்கும் படலம் நடந்தது. வெளியே சடசடவென்று மழை பிடித்துக்கொண்டது. மழை விட்டதும் மனைவி தலையை நீட்டினாள். "பதினெட்டு!"

கண்ணாடிக்காரர் போர்த்திய துணியோடு எழுந்தார். ஒருபக்கம் மீசை இருந்தது, மறுபக்கம் இல்லை. "யோவ், உன் கடைக் கரண்ட்டு என் வண்டியிலேர்ந்து சார்ஜை உறிஞ்சுதுய்யா!"

"நல்லா இருக்கே கதை! என் கரண்ட்டையும் எடுத்துக்கிட்டு எனக்கே திருட்டுப் பட்டமா? இறங்குய்யா சேரை விட்டு!" சலூன்காரர் பிளக்கைப் பிடுங்கிக் கையில் கொடுத்துவிட்டார். மீசையின் மறுபாதியைப் பற்றி அதன்பின் பேச்சே இல்லை.

ரகசியம் ரகசியமாக இருந்தது அதுவரைதான். மாமனாரின் முகத்தில் மழைக்குப் பிந்திய வெயில் அடித்தது.

"சார்ஜ் போட்டா சார்ஜ் இறங்குது! என் பங்க்ல எத்தனையோ வண்டி பார்த்திருக்கேன் மாப்பிள்ளை. பெட்ரோல் ஊத்த ஊத்த டேங்க் காலியாகற வண்டியை நான் பார்த்ததே இல்லை."

கண்ணாடிக்காரர் வண்டியைக் கிளப்பினார். மூக்குக்குக் கீழே பாதி வழுக்கையோடு வாதாடுவது கஷ்டம்.

பின்சீட்டிலிருந்து குரல் வந்தது. "இப்ப எவ்வளவு, மாப்பிள்ளை?"

"பதினேழு அத்தை. மன்னிச்சுக்கங்க."

"அதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க பாவம்" என்றார் மாமியார். அந்த வார்த்தைக்கு அவருக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

விடுதியின் அலங்கார வளைவு கண்ணில் படும்போது எண் பதினைந்தைத் தொட்டது. அவர் வண்டியை ஓரம் கட்டினார். இதற்குக் கீழே இறங்கினால் பேட்டரி போய்விடும். பேட்டரி போனால் காரை விற்கவும் முடியாது. ஒரேயடியாய் எல்லாம் போய்விடும்.

"தள்ளிடலாம்" என்றார். ஒட்டியிருந்த செல்போனைப் பிய்த்து எடுத்து, வந்துகொண்டே இருக்கிறோம் என்று மச்சானுக்குச் சொல்லிவிட்டுப் பையில் போட்டுக்கொண்டார்.

யார் ஸ்டீயரிங்கைப் பிடிப்பது? பங்க் நடத்திய காலத்தில் நிறுத்திவைத்த வண்டிகளை நகர்த்திப் பழக்கம் உள்ளவர் மாமியார்தான். காதில் பாட்டோடு அவர் ஓட்டுநர் சீட்டில் அமர்ந்தார். பின்னால் கண்ணாடிக்காரர், மனைவி, நடுவில் ரிப்பன் வெட்ட வேண்டிய மாமனார், மூவரும் தோள் கொடுத்தார்கள்.

"என் பழைய வண்டியும் தள்ளினாத்தான் போகும். ஆனா ஒரு தடவை கிளம்பிடுச்சுன்னா அப்புறம் தானா ஓடும்" என்றார் மாமனார், தம் பிடித்தபடி.

"மூச்சைப் பேச்சுல விடாதீங்கப்பா. தள்ளுங்க!" என்றாள் மகள்.

விடுதி வாசலில் விருந்தாளிகள் கூடியிருந்தார்கள். சத்தமே இல்லாமல் ஒரு குட்டிக் கார் மிதந்து வருவதைப் பார்த்து ஒருவர் கைதட்டினார். எல்லோரும் கைதட்டினார்கள். பிறகுதான் பின்னால் தொங்கிக்கொண்டிருந்த மூன்று பேரும் தெரிந்தார்கள். கைதட்டல் அப்படியே நின்றது.

மச்சான் ஓடி வந்தான். "என்ன அத்தான், மீசை பாதியில நிக்குது?"

"மீசையா, நானே பாதியில நின்னவன்தான்" என்றார் கண்ணாடிக்காரர். கூட்டத்தின் நடுவே மாமனாரின் எதிரில் போய் நின்று, தலை குனிந்தார். "மாமா, நான் தோத்துட்டேன். நாளைக்கே இதை வித்துடறேன். உங்க வண்டிச் சாவியைக் கொடுங்க."

மாமனார் அந்த நிமிஷத்துக்காகக் காலையிலிருந்தே சாவியைச் சட்டைப் பையில் வைத்திருந்தார். எடுத்தும் கொடுத்துவிட்டார். மருமகனின் தோளைத் தட்டி, "வருத்தப்படாதீங்க. இருமல் பழகிடும்" என்று ஆறுதலும் சொன்னார்.

ஓட்டுநர் சீட்டின் கதவைத் திறந்துகொண்டு மாமியார் நிதானமாக இறங்கினார். காதிலிருந்த ஒயர்கள் இரண்டையும் கழற்றிச் சுருட்டிக்கொண்டே சொன்னார்:

"நல்ல வண்டிங்க இது, குளிர் எத்தனை டிகிரின்னு வழி பூரா மாப்பிள்ளை பார்த்துப் பார்த்துச் சொன்னாரு. ஸ்டீயரிங் பின்னால 'சார்ஜ் எழுபத்திரண்டு'ன்னு இன்னொண்ணு பச்சையா எரியுதே, அதை மட்டும் ஏன் மாப்பிள்ளை போன் வெச்சு மறைச்சிருந்தீங்க?"