பன்னிரண்டு மணிக்குள் மூட வேண்டிய கதவு

கார் ஷெட்டுக் கதவை மெக்கானிக் இல்லாமல் நானே சரிசெய்வது என்று வெள்ளிக்கிழமை சாயங்காலம் சபதம் செய்தேன். கையில் முள்கரண்டி இருந்தது. அதை மேஜையில் ஓங்கிக் குத்திச் சபதம் செய்தேன். சபதம் நின்றது. முள்கரண்டி வளைந்தது.

நான் ஆர்விட் ஹால்வர்சன். மினசோட்டாவின் வடக்கு மூலையில் பழைய பனிவண்டிகளை வாங்கி விற்கிறவன். பதினாறு வயதில் பள்ளிக்கூடம் என்னைக் கைகழுவியது. அன்றிலிருந்து பேரம் பேசியே பிழைத்தவன். எதிராளியின் புருவம் அசைவதை வைத்தே அவனுடைய கடைசி விலையைச் சொல்லிவிடுவேன். என்னை இதுவரை யாரும் ஏமாற்றியதில்லை, வீட்டுக்கு வெளியே.

விஷயம் இதுதான். பூஜ்யத்துக்குக் கீழே முப்பது டிகிரி குளிர். பொத்தானை அமுக்கினால் கதவு கிழட்டு மாடு மாதிரி முனகும், முழங்கால் உயரம் எழும்பும், நின்றுவிடும். இரண்டு வாரமாக இதே கூத்து. உள்ளே என் லாரி. மறுநாள் மதியம் ஒரு மணிக்கு உறைந்த ஏரியில் மீன்பிடிப் போட்டி. போன வருஷம் அரை விரல் நீளத்தில் கோப்பையைக் கோட்டைவிட்டேன். தட்டிக்கொண்டு போனவன் பக்கத்து வீட்டு வெண்டல். அதை எங்கள் சமையலறையைப் பார்த்த ஜன்னலில் வைத்திருக்கிறான். ஒரு வருஷமாக என் காபி கசக்கிறது.

“மெக்கானிக்கைக் கூப்பிடுங்க,” என்றாள் என் மனைவி மார்லிஸ்.

“அவனா? ஒரு திருகைத் திருகிட்டு ஒரு மோட்டாருக்கு விலை சொல்வான்!”

“அப்போ நீங்களே செய்யப் போறீங்க.”

“நானே!”

“போன தடவை நீங்களே செஞ்சது வாஷிங் மெஷின். இப்பவும் துணியைப் போட்டா வாசல் வரைக்கும் நடந்து போகுது.”

“அது வேற கேஸ்!”

“சரி, பந்தயம். நாளைக்குப் பத்து மணிக்குள்ள கதவு சரியானா நீங்க ஏரிக்குப் போங்க. ஆகலேன்னா எனக்குப் பதிலா சர்ச்சுக்குப் போய் உருளைக்கிழங்கு உரிங்க. ஏரிக்கு நான் போறேன்.”

சர்ச்சில் அன்று லூட்டஃபிஸ்க் விருந்து. சோப்புக்குப் போடும் காரத்தில் ஊறிய கருவாடு, இருநூறு பேருக்கு. அந்த வாசனை சட்டையில் ஏறினால் ஈஸ்டர் வரைக்கும் இறங்காது.

ஆனால் பேரம் என்றதும் என் ரத்தம் சூடேறிவிட்டது.

“பத்து முடியாது. ரெண்டு!”

“பதினொண்ணு.”

“ஒண்ணரை!”

“போட்டியே ஒரு மணிக்குங்க.”

“சரி, பன்னிரண்டு!”

“பன்னிரண்டு. கதவைக் கையால தூக்கினாலும் ஒத்துக்கறேன்.”

இரக்கமா? என்னிடமா? “கையால தூக்க நான் என்ன சுமைகூலியா? பொத்தானை அமுக்கினதும் திறக்கணும். அமுக்கினதும் மூடணும். ரெண்டும் நடந்தாத்தான் நான் ஜெயிச்சேன்!”

“நீங்க சொன்னா சரி,” என்று சிரித்தாள்.

விலை படிந்ததும் எதிராளி சிரித்தால் நாம் தொலைந்தோம் என்று அர்த்தம். கடையில் இது எனக்கு நன்றாகத் தெரியும். வீட்டில் மறந்துபோகும்.

சனிக்கிழமை காலை மார்லிஸ் கதவோடு வந்த குறிப்புப் புத்தகத்தை நீட்டினாள். வாங்கி எங்கோ வைத்தேன். எனக்கெதற்குப் புத்தகம்? என்னிடம் ஒரு வாளி கிரீஸ் இருந்தது. பண்ணை ஏலத்தில் அடிமாட்டு விலைக்குப் பிடித்தது. தண்டவாளம், சக்கரம், கீல் எல்லாவற்றுக்கும் அப்பினேன். மிச்சம் என் தாடிக்கு.

பக்கவாசல் வழியாக வெண்டல் எட்டிப் பார்த்தான்.

“யோவ் ஆர்விட், பிறந்தநாள் கேக்குக்குக் கிரீம் தடவறியா?”

“கிரீஸ்யா! முதல் தரம்!”

“அது வெயில்காலத்துல டிராக்டருக்குப் போடறது. இந்தக் குளிர்ல மெழுகா இறுகிடும். கதவு இன்னும் கனக்கும்.”

“உன் வேலையைப் பாருய்யா!”

“பார்க்கணும், பார்க்கணும். கோப்பையைத் துடைக்கிற வேலை பாக்கி இருக்கு.”

அவன் போனதும் தொட்டுப் பார்த்தேன். மெழுகுவர்த்தி. திரி ஒன்றுதான் பாக்கி. மார்லிஸின் பான்கேக் திருப்பும் கரண்டியை எடுத்து ஒன்றரை மணி நேரம் சுரண்டினேன்.

அடுத்த வில்லன் கதவின் அடியில். லாரியிலிருந்து வழிந்த பனிநீர் அடி ரப்பரைத் தரையோடு சேர்த்து உறையவைத்திருந்தது. நாலு கெட்டில் வெந்நீரைக் கொதிக்கக் கொதிக்க ஊற்றினேன். ஷெட் முழுக்க ஆவி.

“வெந்நீரா ஊத்தறீங்க?” என்றாள் மார்லிஸ் வாசலில் நின்று.

“பின்னே, ஐஸ்கிரீமா?”

“இல்ல, சும்மா கேட்டேன்.”

எங்கள் ஊரில் வெந்நீர் ஒரே நிமிஷத்தில் பனிக்கட்டி. எனக்குத் தெரியாதா? உறைவதற்குள் துடைப்பத்தால் தள்ளினேன். பொத்தானை அமுக்கினேன். கதவு எழும்பியது. முழங்கால்! இடுப்பு! தலை! துடைப்பத்தோடு ஒரு சுற்று ஆடினேன். எதிர்வீட்டு நாய் குரைத்து வாழ்த்தியது.

மணி பதினொன்றேகால். இனி மூட வேண்டியதுதான். அமுக்கினேன். கதவு ஒரு சாண் இறங்கியது. மோட்டார் விளக்கு மினுக் மினுக்கென்றது. கதவு மறுபடி மேலே போய்விட்டது.

மறுபடி அமுக்கினேன். ஒரு சாண், மினுக் மினுக், மேலே. கண்ட திருகை எல்லாம் திருப்பினேன். சங்கிலியைத் தட்டினேன். சுவரை உதைத்தேன். சுவர் என்னைத் திருப்பி உதைத்தது. பதினொன்று ஐம்பதுக்குக் கதவிடமே பேரத்தில் இறங்கினேன்.

“பாதி இறங்கு, போதும்! மீதியை நான் அவகிட்ட பேசிக்கறேன்!”

படியவில்லை. திறந்த வாசல் வழியாக முப்பது டிகிரியும் உள்ளே வந்து என் மூக்கில் குடியேறியது.

பன்னிரண்டு அடித்தது. மார்லிஸ் வந்தாள். பனிக்கோட்டு, பூட்ஸ், தோளில் என் ஐஸ் துளைக்கும் கருவி. கதவுச் சட்டத்தின் அடியில் குனிந்தாள். பொட்டு அளவு கண்ணாடி ஒன்றைக் கையுறைக் கட்டைவிரலால் துடைத்தாள். பொத்தானை அமுக்கினாள்.

கதவு வெண்ணெயில் வழுக்குவது மாதிரி இறங்கி மூடியது.

“என்னடி பண்ணினே?”

“குறுக்கே யாராவது நிக்கறாங்களான்னு பார்க்கிற கண்ணுங்க அது. உங்க வெந்நீர் ஆவி படிஞ்சு உறைஞ்சுபோச்சு. கண்ணு மறைஞ்சா கதவு இறங்காது. அதைத்தான் விளக்கு முக்கால் மணி நேரமா மின்னி மின்னிச் சொல்லுது. புத்தகத்துல மூணாம் பக்கம்.”

“புத்தகம் எங்கே?”

விரலை நீட்டினாள். கிரீஸ் வாளி ஆடாமலிருக்க அடியில் நான்தான் முட்டுக் கொடுத்திருந்தேன்.

என்னிடம் இன்னும் ஒரு சீட்டு இருந்தது. “நில்லு! நீ போட்டியில சேரவே முடியாது! பெயர்ப்பதிவு செவ்வாய்க்கிழமையே முடிஞ்சுபோச்சு!”

மார்லிஸ் கோட்டின் ஜிப்பை இறக்கினாள். கழுத்தில் போட்டி அட்டை தொங்கியது. எண் நாற்பத்தொன்று. மார்லிஸ் ஹால்வர்சன். செவ்வாய்க்கிழமை முத்திரை.

“நாம பந்தயம் கட்டினது நேத்துதானே?” என்றேன்.

“ஆமாங்க. நேரமாச்சு, இதைக் கட்டிக்கிட்டுக் கிளம்புங்க.”

சமையல் ஏப்ரன். நெஞ்சில் சிவப்பு நூலில் ‘ஆர்விட்’ என்று பூவேலை. சுற்றிலும் இலையோடு ஆறு உருளைக்கிழங்கு.

மார்லிஸ் தையலில் ரொம்ப நிதானம். அந்த வேலைப்பாட்டுக்கு இரண்டு வாரமாவது பிடித்திருக்கும்.