மாமனாருக்கு வாங்கிய படப் புத்தகம்

முப்பத்தெட்டு வயதுவரை எனக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. பேசுவேன், அவ்வளவுதான். புனேயில் கட்கியில் பிறந்து மராத்திப் பள்ளியில் படித்தவன். ஆனால் கோயம்புத்தூரில் பெண் பார்க்கப் போனபோது, மாமனார் தமிழ் நாவல் பைத்தியம் என்று தெரிந்ததும், நானும் நிறையப் படிப்பேன் என்று அளந்துவிட்டேன். (பெண் பிடித்திருந்தது, வேறென்ன செய்ய?)

அந்த மாமனார் மாமியாரோடு எங்கள் வீட்டுக்கு வந்திருந்த சமயத்தில் படுத்துவிட்டார். பிம்ப்ரியில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். இனி வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளலாம், அதற்கு மேல் ஒன்றுமில்லை என்றார் டாக்டர். என் மனைவியின் அண்ணன் கோவையிலிருந்து ஓடி வந்தார். அவருக்கு என்மேல் ஏற்கெனவே சந்தேகம். அப்பாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கோவை வீட்டை எழுதி வாங்கப் பார்க்கிறேனாம்.

மாமனார் கேட்டதோ படிக்க ஒரு தமிழ்ப் புத்தகம். கட்கியில் எங்கள் பழைய தெருவில் ஒரு ரத்திக் கடை உண்டு. பழைய பேப்பர் எடுக்கும் கடை. வீடு காலி செய்த யாரோ போட்டுவிட்டுப் போன தமிழ்ப் புத்தகங்கள் அங்கே மூலையில் கிடந்தன. கடைக்காரருக்கும் தமிழ் தெரியாது, எனக்கும் தெரியாது. இருவரும் சேர்ந்து படம் பார்த்துத் தேர்ந்தெடுத்தோம். ஒரு படத்தில் பெரியவர் கட்டிலில் படுத்திருந்தார். சுற்றிலும் குடும்பமே கைகூப்பி நின்றது. மாப்பிள்ளை மாதிரி ஒருவர் இஞ்ச் டேப்போடு குனிந்திருந்தார். நோயாளிக்குப் புதுச் சட்டை தைக்கிறார்கள் போல என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது (சத்தியமாக). பாசமான குடும்பக் கதை என்று வாங்கிக்கொண்டு போனேன்.

மச்சான்தான் முதலில் பிரித்தார். நின்றபடியே சில பக்கங்கள் படித்தார். முகம் இறுகிவிட்டது.

"மாப்ள, இதப் படிச்சுப் பாத்துத்தான வாங்குனீங்க?"

அது பேர் போன நையாண்டி நாவலாம். மாமனார் எப்போது போவார், வீடு எப்போது கைக்கு வரும் என்று காத்திருக்கும் ஒரு மாப்பிள்ளையின் கதை. டேப்காரர் அளந்தது சட்டைக்கு இல்லை, பாடைக்கு.

படித்தேன் என்றால் பாவி, படிக்கவில்லை என்றால் பொய்யன். என் வண்டவாளம் தெரிந்த ஒரே ஆளான என் மனைவி மருந்து வாங்கக் கீழே போயிருந்தாள். மச்சானின் கோபம்கூடப் பெரிதாகத் தெரியவில்லை. சாகப்போகிற மனிதர் என்னைப் பற்றி இப்படி நினைத்துக்கொண்டே போய்விடுவாரே என்பதுதான் பெரிதாகத் தெரிந்தது.

மாமனார் கையை நீட்டிப் புத்தகத்தை வாங்கிப் பார்த்தார். அந்தப் படத்தைக் கண்டதும் சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு இருமலாகி, நர்ஸ் ஓடி வந்து, எல்லாம் அடங்கிய பிறகு மகனிடம் மெதுவாகச் சொன்னார்.

"டேய், மாப்பிள்ளைக்குத் தமிழ் படிக்க வராதுடா. கல்யாணப் பத்திரிகைல பிரஸ்காரன் அவரு பேரையே மாத்தி அடிச்சுப்போட்டான். காட்டுனேன், ரொம்ப நல்லாருக்குதுங்கன்னாரு. அன்னைக்கே எனக்குத் தெரியும்."

மச்சானின் கண்ணில் கோபம் போய்ப் பரிதாபம் வந்தது. பாவியாகவே இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

அதன்பிறகு மாமனார் அந்தப் புத்தகத்தை விடவில்லை. பிடித்துப் படிக்கத் தெம்பில்லாதபோது மாமியார் படித்துக் காட்டினார். நான் உள்ளே நுழைந்தால் போதும், டேப் கொண்டுவந்தீர்களா என்று கேட்பார். முழுதாகக் கேட்டு முடிக்காமலே போய்விட்டார்.

மிச்சத்தை, தமிழ் எழுத்துக் கற்றுக்கொண்டு, தட்டுத்தடுமாறி நான் படித்து முடித்தேன். கதையில் அந்த மாமனார் கடைசிவரை சாகவே இல்லை. அன்றைக்குத்தான் அழுதேன்.

இப்போதெல்லாம் மனைவி வீட்டில் யார் படுத்தாலும், மாப்பிள்ளை பழத்தோடு வந்தால் போதும் என்று முன்கூட்டியே போன் வந்துவிடும். சமீபத்தில் மாமியாரையும் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நல்லபிள்ளையாக ஆரஞ்சு மட்டும் வாங்கிப் போனேன். பையைத் திறந்து அடிவரை துழாவிப் பார்த்துவிட்டு, அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"எனக்குப் பொஸ்தகம் இல்லீங்களா, மாப்பிள்ளை?"