கிளாரினெட் பொன்னுரங்கத்துக்கு ஒரு நிமிடம்

மைக்கைக் கையில் கொடுத்துவிட்டால் எனக்கு வாய் மட்டும்தான் வேலை செய்யும், மூளை லீவு போட்டுவிடும். இதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். இருபத்திரண்டு வயதில் யாராவது சொல்லியிருந்தால் அவரோடு பேசுவதையே நிறுத்தியிருப்பேன்.

அப்போது ஏற்காட்டில், ஒண்டிக்கடை ரவுண்டானாவிலிருந்து நடந்து போகிற தூரத்தில், ஒரு ஹோட்டலில் ரிசப்ஷன் வேலை. சேர்ந்து இரண்டு மாதம். மூன்றாவது மாத முடிவில்தான் நிரந்தரமா இல்லையா என்று சொல்வார்கள். இல்லையென்றால் என் ஊரான வாழவந்திக்குத் திரும்பி, 'அப்பவே சொன்னனே' என்று சொல்லக் காத்திருக்கும் அப்பாவின் முகத்தைப் பார்க்க வேண்டும். ஆகவே மேனேஜர் கண்ணில் படுவதற்காக நானே ஒரு யோசனை சொன்னேன். மாலை டீ நேரத்தில் 'இசையில் இன்று' என்று ஐந்து நிமிடம் பேசுவது. இதே தேதியில் எந்தப் பாடகர் பிறந்தார், எந்த இசைத்தட்டு வந்தது, யார் மறைந்தார் என்றெல்லாம் போனில் பார்த்து எழுதிக்கொள்வேன். (எனக்கு இசை ஞானமா? பஸ்ஸில் போடும் பாட்டுக்குத் தலையாட்டுவேன், அவ்வளவுதான்.)

ஒரு வாரம் ஓஹோவென்று போனது. கைதட்டல் கேட்கக் கேட்க, நான் மைக் பிடிக்கும் தோரணையே மாறிவிட்டது.

எட்டாம் நாள் மலை முழுக்கப் பனிமூட்டம். சிக்னல் விட்டுவிட்டு வந்தது. நான் பார்த்த பக்கம் பாதிதான் திறந்தது, படங்கள் வரவேயில்லை. மேலே பிறந்தவர்கள், கீழே மறைந்தவர்கள். விரலால் தள்ளியதில் தலைப்பு எங்கோ போய்விட்டது. 'கிளாரினெட் பொன்னுரங்கம், பல திரைப்பாடல்களின் இடையிசையை வாசித்தவர்' என்ற வரி மட்டும் நின்றது. யோசிக்காமல் அவரை மறைந்தவர்களில் சேர்த்துவிட்டேன்.

வெளியே பனி என்பதால் அன்று டீ டைனிங் ஹாலுக்குள். "இதே நாளில் நம்மை விட்டுப் பிரிந்தார் பொன்னுரங்கம். அவர் மூச்சு நின்றது, அவர் ஊதிய காற்று மட்டும் இந்த மலையில் உலவிக்கொண்டிருக்கிறது," என்றேன், குரலைத் தழுதழுக்க வைத்து. (இதை எழுதிக்கூட வைக்கவில்லை, தானாக வந்தது.) பிறகு எல்லோரையும் எழுந்து ஒரு நிமிடம் மௌனமாக நிற்கச் சொன்னேன்.

ஹாலே எழுந்தது. மூலை மேசையில் கம்பளிக் குல்லா போட்ட ஒரு பெரியவர் கொஞ்சம் தயங்கி, அவரும் எழுந்து தலைகுனிந்து நின்றார். பக்கத்தில் அவர் மகள் கைக்குட்டையால் வாயைப் பொத்தியிருந்தார், தோள் குலுங்கியது. அழுகிறார், எல்லாம் என் பேச்சின் சக்தி என்று நினைத்துக்கொண்டேன்.

பாதி நிமிடம் போயிருக்கும். சமையல் மாஸ்டர் மெழுகுவத்தி ஏற்றிய கேக்கோடு உள்ளே வந்தார். நிசப்தத்தைப் பார்த்து மிரண்டு, தாழ்ந்த குரலில் கேட்டார். "ஏனுங்க, பொன்னுரங்கம் ஐயா பொறந்தநாள் கேக்கு, எந்த டேபிளுங்க?"

குல்லாக்காரர் கையைத் தூக்கினார். "இங்கதானுங்க."

அடுத்து எழுந்த சிரிப்பில் கண்ணாடி ஜன்னல்கள் அதிர்ந்தன. "மைக்கைக் கீழ வைம்மா," என்றார் மேனேஜர். வாழவந்திக்கு அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று என் மனம் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது. பெரியவர் மேசைக்குப் போய் நின்றேன், கண் கலங்கிவிட்டது.

"மன்னிச்சுக்கங்க ஐயா. நொம்பப் பெரிய தப்புப் பண்ணிட்டனுங்க."

"உக்காரு கண்ணு," என்றார். "நாப்பது வருசம் ஊதியிருக்கறேன். ஒரு படத்துலகூட எம்பேரு போட்டதில்ல. எம்பேரச் சொல்லி இத்தனை சனம் எந்திரிச்சு நின்னது இன்னைக்குத்தான். அதையும் நானே இருந்து பாத்துட்டேன், போ." மேனேஜர் பக்கம் திரும்பினார். "இந்தப் புள்ளகிட்ட இருந்து மைக்க வாங்கிராதீங்க. நாளைக்கு நான் பொறந்துட்டேன்னு சொல்லட்டும்."

மகள் காரிலிருந்து ஒரு பெட்டியைக் கொண்டுவந்தார். "அப்பா ரெண்டு வருசமா இதைத் தொடவே இல்லீங்க," என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார். பெரியவர் கிளாரினெட்டை எடுத்து ஊதினார், முதல் சுரம் பிசிறியது. இருமிவிட்டு மறுபடி ஊதினார். பஸ்ஸில் நான் எத்தனையோ முறை தலையாட்டிய ஒரு பாட்டின் நடுவே வரும் இசை அது. ஹால் அமைதியானது. இந்த முறை நான் யாரையும் கேட்கவில்லை.

வேலை நிரந்தரமானது. மறைந்தவர்கள் பட்டியலை மட்டும் மேனேஜரிடம் முன்கூட்டியே காட்ட வேண்டும் என்றார்கள். (பொன்னுரங்கம் ஐயா நலமாக இருக்கிறார். போன் போட்டு விசாரித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.)

இன்றுவரை எங்கள் வீட்டில் யார் பிறந்தநாள் என்றாலும், கேக் வெட்டும் முன் என் கணவர் முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு எழுந்து நிற்பார். எல்லோரும் ஒரு நிமிடம் நின்றாக வேண்டும். ஊர் முழுக்க இப்படித்தான் என்று ஐந்து வயது மகள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். போன மாதம் ஒரு சிநேகிதியின் பிறந்தநாளுக்குப் போனவள், அங்கேயும் எல்லோரையும் எழுப்பித் தலைகுனிந்து நிற்க வைத்திருக்கிறாள்.

மறுநாள் அந்தப் பெண்ணின் அம்மா போன் செய்தார். "ஏனுங்க, தப்பா நெனச்சுக்காதீங்க. உங்க ஊட்ல இது என்ன சாமிக்கு வேண்டுதலுங்க?"