இருட்டுக்கால நாய் நலக் குழுவின் மாபெரும் வெற்றி

நாய்களின் நலனுக்காக மனிதகுலம் எடுத்த முயற்சிகளை யாராவது ஒருநாள் வரலாறாக எழுத உட்கார்ந்தால், அவர் முதலில் எழுதவேண்டிய பெயர், வட நார்வேயில் ஹெஸ்ட்நெஸ் ஊரின் லியென் குடியிருப்பில் இயங்கிய 'இருட்டுக்கால நாய் நலக் குழு'. குழுவில் மூன்று பேர். நாய் ஒன்று. ஒரு நாய்க்கு மூன்று பேர் என்ற இந்த விகிதத்தை எந்த அரசாங்கமும் தன் குடிமக்களுக்குக்கூட இதுவரை வழங்கியதில்லை.

குழுவின் தலைவர் ஹால்வார், ஊராட்சியின் சாலைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். பனி விழுந்து பாதை மூடிய பிறகு, பாதை மூடியிருக்கிறது என்று ஊருக்கு அறிவிப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. நல்ல மனிதர். ஞாயிறு தவறாமல் தேவாலயம் போவார். அயலாரிடம் அன்பு காட்டுவது பற்றிப் போதகர் பேசும்போதெல்லாம் தலையை ஆட்டி ஆமோதிப்பார். பின் வரிசையில் இருப்பவர்களுக்கும் அந்த ஆமோதிப்பு தெரியும்.

அந்த நாயின் பெயர் டாஸ். சாம்பல் நிறம், சுருண்ட வால். காட்டு மானைத் துரத்துவதற்கென்றே பிறந்த இனம். ஹால்வாரின் வீட்டுக்கு நேர் கீழே, தரைத்தளத்தில் குடியிருந்த டூர்டிஸ் அதை வளர்த்தாள். எழுபதைத் தாண்டியவள். படகுத்துறைக் காப்பிக்கடையில் ஆயுள் முழுக்க வாஃபிள் அப்பம் சுட்டவள். தினமும் காலையில் டாஸும் அவளும் கடலோரமாக ஒரு சுற்றுப் போய் வருவார்கள். போகும்போது யார் யாரை இழுத்துப் போகிறார்கள் என்று சொல்வது கடினம்.

நவம்பர் கடைசியில், வழக்கம்போல, சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கியது. இனி ஜனவரி முடிவில்தான் வரும். அதே வாரம் டூர்டிஸ் அஞ்சல் பெட்டிக்கு முன்னால் உறைந்து கிடந்த பனிக்கட்டியில் வழுக்கி விழுந்து கணுக்காலை உடைத்துக்கொண்டாள். மாவுக்கட்டும் இரண்டு ஊன்றுகோலுமாக வீடு திரும்பினாள். டாஸ் வீட்டுக்குள் அடைபட்டது. வெளிச்சமும் இல்லை, ஓட்டமும் இல்லை, மானும் இல்லை. அது ஊளையிட ஆரம்பித்தது.

குடியிருப்போர் சங்கம் கூடி, மிகுந்த வருத்தத்துடன் ஒரு முடிவெடுத்தது. சூரியன் திரும்பும் நாளுக்குள் சத்தம் நிற்கவில்லை என்றால், டாஸ் தெற்கே இருக்கும் டூர்டிஸின் தங்கை மகளிடம் போய்விட வேண்டும். டூர்டிஸ் கடைசி வரிசையில், கட்டுப்போட்ட காலை ஒரு நாற்காலிமேல் நீட்டியபடி கேட்டுக்கொண்டிருந்தாள். "சரிங்க" என்றாள். வேறு எதுவும் கேட்கவில்லை. ஹால்வாருக்கு அந்த "சரிங்க" நெஞ்சில் குத்தியது. உடனே எழுந்து ஒரு குழு அமைக்கலாம் என்று முன்மொழிந்தார். நெஞ்சில் குத்தினால் சாலைத் துறைக்காரர்கள் செய்வது அதுதான்.

முதல் கூட்டம் ஹால்வார் வீட்டில், காப்பியுடனும் பழுப்புப் பாலாடைக்கட்டியுடனும் நடந்தது. கீழே டாஸ் ஊளையிட்டது. கூட்டத்துக்குப் பொருத்தமான பின்னணி என்று சொல்லவேண்டும்.

"நாய்க்கு வெறும் நடை மட்டும் பத்தாது" என்றாள் மாக்னில். மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். கணினியில் 'நாயின் உள்ளம்' என்றொரு வகுப்பில் பாதி படித்திருந்தாள். "மூளைக்கு வேலை குடுக்கணும். மோந்து பார்க்க, தேட, யோசிக்க வைக்கணும். இருட்டுல அதுக்கு மனச்சோர்வு வரும்."

"எனக்கே வருது" என்றார் ஸ்வெரே. பழைய மீன்பிடிக்காரர். கோடையிலும் இரண்டு பனிச்சறுக்குக் கோல்களை ஊன்றிக்கொண்டு நடப்பவர். "நான் ஒண்ணு சொல்லட்டா? பேசாம யாராவது போயி நாயைக் கூட்டிக்கிட்டு ஒரு சுத்து போயிட்டு வந்தா?"

மற்ற இருவரும் ஆளுக்கொரு துண்டு பாலாடைக்கட்டி எடுத்துக்கொண்டார்கள்.

"போகலாம்தான்" என்றார் ஹால்வார். "ஆனா யாரு மணி அடிக்கிறது?"

"கூப்பிடாத வீட்டு மணிய எப்படிங்க அடிக்கிறது?" என்றாள் மாக்னில். "பாவம், படுத்திருப்பாங்க. இல்ல தலை வாராம இருப்பாங்க."

"அவங்க ஒரு வார்த்தை கேட்டா போதும். அந்த நிமிஷமே போயிருவேன்" என்றார் ஸ்வெரே.

"நான் மட்டும் என்னவாம்? செருப்பு மாட்டாமகூட ஓடுவேன்" என்றாள் மாக்னில்.

"ஆனா அவங்க கேக்கமாட்டாங்களே" என்றார் ஹால்வார்.

"கேக்குற ஆளா அவங்க! அதான் அவங்க பெருமை."

டூர்டிஸின் பெருமைக்கு எந்தப் பங்கமும் வரக்கூடாது என்று குழு ஒருமனதாகத் தீர்மானித்தது. அதன்பின் பொருட்கள் வாங்குவது பற்றிப் பேசினார்கள். இருட்டில் ஒளி பட்டால் பளபளக்கும் மேலங்கி ஒன்று. கழுத்தில் மாட்டும் சிவப்பு விளக்கு. தீனியை ஒளித்துவைத்துத் தேடவிடும் முரட்டுக் கம்பளம். மூடிகளைத் தள்ளினால் தின்பண்டம் கிடைக்கும் மரப்பெட்டி. இந்த மரப்பெட்டியைக் குழு முன்னிலையில் சோதித்தார்கள். உள்ளே ஒரு துண்டுத் தொத்திறைச்சி வைத்து ஸ்வெரேயிடம் கொடுத்தார்கள். அவர் வெகுநேரம் போராடிவிட்டுச் சமையலறையில் கத்தியைத் தேடினார். நாயின் அறிவுக்கு ஏற்றதுதான் என்று பெட்டி ஏற்கப்பட்டது.

பொருட்களை ஒரு பையில் போட்டு, டூர்டிஸின் கதவுக் கைப்பிடியில் மாட்டிவிட்டு, மூவரும் நுனிக்காலில் திரும்பினார்கள். நுனிக்காலிலேயே ஓடியதில் மாக்னிலுக்கு மூச்சு வாங்கியது. பிறர் அமைதியைக் குலைக்காமல் உதவி செய்வதில் இப்படி ஒரு சுகம் இருக்கிறது.

ஒரு ஞாயிறு, தேவாலயத்தில் இருந்து திரும்பும்போது, ஹால்வார் அந்தக் கதவின் முன் நின்றார். அன்றைய பிரசங்கம் அப்படி. உள்ளே நாற்காலி நகரும் ஓசை. நாயின் நகங்கள் தரையில் கீச்சிட்டுக் கதவுவரை வந்து நின்றன. கதவுக்கு அடியில் ஒரு மூச்சு, புஸ் புஸ் என்று அவருடைய காலணியை மோந்தது. ஹால்வார் விரலை மணிக்கு அருகே கொண்டுபோனார். திடீரென்று வந்தால், பரிதாபப்பட்டு வந்ததாக அவள் நினைப்பாளோ? காப்பி போட எழுந்து, அந்தக் காலோடு சிரமப்படுவாளோ? விரல் மணிக்கும் மனசாட்சிக்கும் நடுவே சிறிது நேரம் நின்றது. பிறகு, கண்ணியம் நிறைந்த எல்லா விரல்களையும்போல, சட்டைப்பைக்குள் போய்விட்டது.

கிறிஸ்துமஸுக்குச் சில நாட்கள் முன்பு அந்த அற்புதம் நடந்தது. டாஸின் ஊளை நின்றது.

ஹால்வார் தலைவிளக்கை மாட்டிக்கொண்டு குடியிருப்பின் பின்பக்கம் போய்ப் பார்த்தார். விளக்கின் வட்டத்துக்குள் ஒரு முழம் பனிதான் தெரிந்தது. அதன்மேலும் புதுப்பனி தூவிக்கொண்டிருந்தது. ஆனாலும் அந்த ஒரு முழத்திலேயே எல்லாம் இருந்தது. நாயின் பாதத் தடம். பக்கத்தில் மனிதத் தடம். இரண்டு பக்கமும் சிறிய, ஆழமான குழிகள்.

கோல் ஊன்றிய குழி! 'ஸ்வெரே!' என்று ஹால்வாரின் கண் கலங்கியது. 'யாருக்கும் சொல்லாமல், விடிவதற்கு முன்னால்...' மறுநாள் அதிகாலை படுக்கையில் இருந்தபடியே கீழ்க்கதவு திறப்பதையும், பிறகு டக், டக் என்று கோல் ஊன்றும் ஓசையையும் கேட்டார். நடைக்கூடத்துக்குள்ளேயே கோலை ஊன்றுகிறாரே, என்ன ஆர்வம்! ஹால்வார் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு நன்றியோடு தூங்கினார்.

இரண்டாம் கூட்டம் மிக உருக்கமாக நடந்தது.

"நான் பேரு சொல்லமாட்டேன்" என்று ஹால்வார் தொடங்கினார். "ஆனா நம்மள்ல ஒருத்தர், இருட்டோட இருட்டா, ஒரு பெரிய காரியம் பண்ணிக்கிட்டு இருக்காங்க."

மூன்று தலைகளும் ஒருசேரத் தாழ்ந்தன. பின்பக்கத்துக் கோல் தடத்தை மற்ற இருவரும் பார்த்திருந்தார்கள். ஸ்வெரே மாக்னில்தான் என்று நினைத்தார். அவள்தானே நாயின் உள்ளம் படித்தவள். போன கிறிஸ்துமஸுக்குக் கோல்களும் வாங்கியிருந்தாள். மாக்னில் ஹால்வார்தான் என்று நினைத்தாள். தன்னைப் பற்றித்தான் மற்றவர் பேசுகிறாரோ என்ற ஐயமும் ஒவ்வொருவருக்கும் லேசாக இருந்தது. அதை மறுத்துப் பேசுவது அடக்கமின்மையாகிவிடும்.

"பேரு வேணாம்" என்றார் ஸ்வெரே, தொண்டையைச் செருமிக்கொண்டு. "பண்றவங்களுக்குத் தெரியும்."

"கடவுளுக்கும் தெரியும்" என்றாள் மாக்னில். எல்லாரும் இன்னொரு துண்டு கேக் எடுத்துக்கொண்டார்கள்.

சூரியன் திரும்பும் நாள் வந்தது. நான்கைந்து நாட்களாகப் பனி பெய்யவில்லை. வானம் துடைத்துவிட்டதுபோல் இருந்தது. குடியிருப்பின் பின்சரிவில் எல்லாரும் கூடினார்கள். சூடான கோக்கோவும், பழக்கூழ் வைத்துப் பொரித்த சூரிய உருண்டைகளும் கைக்குக் கை மாறின. டூர்டிஸுக்கும் அழைப்பு அனுப்பப்பட்டிருந்தது. எதன் முன்னால் அவள் வழுக்கி விழுந்தாளோ, அதே அஞ்சல் பெட்டியில்தான் போட்டிருந்தார்கள்.

ஹால்வார் ஒரு கம்பளிக் கையுறைப் பொதியை உயர்த்திப் பிடித்தார். "டாஸ் சத்தம் நின்னுருச்சு. அது நம்மளோடவே இருக்கும்! இந்தப் பரிசு, பேரு சொல்ல விரும்பாத நம்ம குழு உறுப்பினருக்கு. முன்னால வாங்க!"

யாரும் வரவில்லை.

"கூச்சப்படாதீங்க ஸ்வெரே."

"நானா? என்னப்பா சொல்றீங்க? மாக்னில், நீங்க போங்க."

"ஐயோ, நான் இல்லீங்க. எனக்கு நாய் முடி ஒத்துக்காது. ஹால்வார்தானே?"

"நானா?" என்றார் ஹால்வார்.

அந்த நேரம் பார்த்துத்தான் சூரியன் மலை விளிம்புக்கு மேலே தலைகாட்டியது. கூட்டம் ஆரவாரித்தது. வெளிச்சம் சரிவில் உருண்டு இறங்கி, குடியிருப்பைச் சுற்றிக் கிடந்த பனி முழுவதையும் ஒரே வீச்சில் காட்டியது. தடம் டூர்டிஸின் கதவில் தொடங்கி, சரிவு ஏறி, வளைந்து, மறுபடி அவள் கதவுக்கே போனது. நாயின் பாதம். ஒரே ஒரு காலணியின் தடம், ஒற்றைக்கால் மட்டும். மற்ற காலுக்குப் பதில், மூட்டையை இழுத்துப் போனதுபோல் ஒரு கோடு. இருபுறமும் குழிகள். இடையிடையே பனியில் ஆள் உட்கார்ந்து எழுந்த பள்ளம். ஒவ்வொரு பள்ளத்துக்கும் பக்கத்தில், காத்திருந்த நாய் சுருண்டு படுத்த சிறு வட்டம்.

ஆரவாரம் மெல்ல அடங்கியது. மூலையைத் திரும்பி டூர்டிஸ் வந்துகொண்டிருந்தாள். நாய்க்கு வாங்கிய பளபளக்கும் மேலங்கி அவள் தோளில் கிடந்தது. சிவப்பு விளக்கு ஊன்றுகோலில் மினுக்கியது. இடுப்பில் கட்டிய வாரில் டாஸ் அவளை முன்னால் இழுத்தது.

"மன்னிச்சுக்கங்க, நேரமாயிருச்சு" என்றாள் மூச்சு வாங்க. "இன்னிக்கு இவன் ரெண்டு சுத்து கேட்டான். மேலங்கி அவனுக்குச் சேரல, நான் போட்டுக்கிட்டேன். தப்பில்லையே?"

"டூர்டிஸ்... நீங்களா இவ்வளவு நாளும்?" என்றாள் மாக்னில்.

"வேற யாரு? சூரியன் வர்றதுக்குள்ள சத்தம் நிக்கணும்னு சொன்னீங்களே. நின்னுருச்சு." அவள் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். "இப்ப இவன் இங்கயே இருக்கலாம்ல?"

"இருக்கலாம்மா, இருக்கலாம்" என்றார் ஸ்வெரே. தன் கோல்கள் இரண்டையும் எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

"ஒரு வார்த்தை எங்ககிட்ட சொல்லியிருக்கக்கூடாதா?" என்று ஹால்வாரின் குரல் உடைந்தது.

"யாராவது மணி அடிச்சா சொல்லலாம்னுதான் இருந்தேன். பைதான் வந்து தொங்குச்சு, ஆளு வரல. காலடிச் சத்தம் கேக்கும், டாஸ் கதவுக்கு ஓடுவான், அப்புறம் ஒண்ணுமில்ல. மணிதான் கெட்டுப்போச்சு போலன்னு ஸ்டூல்மேல ஏறி புது பேட்டரிகூடப் போட்டேன்." கொஞ்சம் யோசித்தாள். "அப்புறமும் அடிக்கல."

ஹால்வார் குனிந்து, அவள் இடுப்பிலிருந்து வாரை அவிழ்த்துத் தன் கையில் சுற்றிக்கொண்டார். டாஸ் உடனே அவரைப் பனியில் முகம்குப்புறத் தள்ளி இழுத்துக்கொண்டு ஓடியது. முதல் நாள் சூரியன் சில நிமிடம் நின்று மறையும்வரை, அதாவது கோக்கோ ஆறும்வரை, யாரும் அவரைத் தூக்கிவிடவில்லை. அவரும் கேட்கவில்லை.

பிற்பகல், உடம்பெல்லாம் பனியோடு, ஹால்வார் நாயைக் கொண்டுவிடப் போனார். கீழ்வீட்டுக் கதவின் முன் நின்றார். இந்தமுறை விரல் சட்டைப்பைக்குள் போகவில்லை. அழுத்தினார். மணி மூன்று மாடிக்கும் கேட்கும்படி கணீரென்று ஒலித்தது.

அன்று மாலை கூடிய குழு தன் இறுதி அறிக்கையை நிறைவேற்றியது. இலக்கு எட்டப்பட்டது, நாய் நலமாக இருக்கிறது, டூர்டிஸின் வீட்டு அழைப்பு மணியில் குளிர்காலம் முழுவதும் எந்தக் கோளாறும் இருக்கவில்லை என்று குழு இதன்மூலம் சான்றளிக்கிறது.