நாற்பத்துநான்கு எழுத்தும் ஒரு விரலும்

திரையில் இருந்த விசையைத் தொட்டால் விசை அமுங்கியது, நிறம் மாறியது, எழுத்து மட்டும் எங்கும் விழவில்லை. புள்ளி பதினோராவது முறையாகத் தொட்டுப் பார்த்தாள். எழுத்து விழ வேண்டிய பெட்டி, கழுவிக் கவிழ்த்த தட்டு மாதிரி சுத்தமாக இருந்தது.

புள்ளி என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல. வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் அவள் ஒரு வரியில் ஒரே ஒரு புள்ளியை விட்டுவிட, மூன்று மருத்துவமனைகளில் மென்பொருள் படுத்துவிட்டது. மென்பொருளை அன்றைக்கே எழுப்பிவிட்டார்கள். பெயர்தான் ஆறு வருஷமாக ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ஆறே பேர் வேலை பார்க்கும் அலுவலகம். பேச முடியாத நோயாளிகளுக்காக ஒரே ஒரு மென்பொருள் செய்தார்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் தள்ளுவண்டியில் ஒரு கணினி நிற்கும். நோயாளி திரையைத் தொட்டு எழுதினால், எழுதியது நர்ஸ் மேசையில் பெரிதாகத் தெரியும். தமிழ், ஆங்கிலம் இரண்டுக்கும் திரை விசைப்பலகை ஏற்கெனவே உண்டு. இப்போது துறைமுகத்துப் பெரிய ஆஸ்பத்திரி மூன்றாவதாக ஒன்று கேட்டிருந்தது.

தாய்லாந்துக் கப்பல் ஒன்றில் கொதிகலன் வெடித்து, அடிபட்ட ஒரு மனிதரைக் கரையில் இறக்கிவிட்டுக் கப்பல் போய்விட்டது. அவருடைய காகிதங்களும் கப்பலோடு போய்விட்டதால் பெயர்கூடத் தெரியவில்லை. தாடை உடைந்து, பல்லோடு பல் சேர்த்துக் கம்பி போட்டிருந்தார்கள். கழுத்தில் பட்டை. இரண்டு கைகளிலும் கட்டு. இடது கை ஆள்காட்டி விரல் ஒன்றுதான் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. வார்டில் எல்லோரும் அவரைக் கப்பல்காரர் என்றே சொன்னார்கள்.

ஆஸ்பத்திரிக் கடிதத்தில் "தாய் மொழியில் எழுதும் வசதி" என்று இருந்தது. முதலாளி எதையும் உறுதி செய்துகொள்கிறவர். வார்டு நர்ஸைத் தொலைபேசியில் அழைத்து, தாய் மொழி என்றால் தாய்லாந்து மொழியா, அவரவர் தாய்மொழியா என்று கேட்டார்.

"அவருக்கு ரெண்டும் ஒண்ணுதானே சார்" என்றாள் நர்ஸ்.

அதில் மறுத்துச் சொல்ல ஒன்றும் இல்லை. முதலாளி புள்ளியைக் கூப்பிட்டார். இது சரியாக வந்தால் ஆஸ்பத்திரி எல்லா வார்டுக்கும் நம் மென்பொருளை எடுத்துக்கொள்ளும், வராவிட்டால் பழையதையும் திருப்பி அனுப்பிவிடும் என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அதெல்லாம் கிடக்கட்டும். ஒரு மனுஷன் பேசவும் முடியாம எழுதவும் முடியாம நம்மளை நம்பிப் படுத்திருக்கான். அதை நினைச்சுக்கோ."

புள்ளி அதை நினைத்துக்கொண்டாள். அதனால்தான் பதினோராவது முறையும் தொட்டுப் பார்த்தாள்.

விசையைத் தொட்டதும் கர்சர் பெட்டியை விட்டு விசைக்குத் தாவிவிடுகிறது என்பதைக் கண்டுபிடிக்க ஒரு பகல் ஆனது. அதைத் தாவவிடாமல் கட்டிப்போட்டாள். இப்போது எழுத்து விழுந்தது, இரண்டிரண்டாக விழுந்தது. இரண்டில் ஒன்றை அழிக்கச் சொல்லி ஒரு வரி சேர்த்தாள். அது எழுத்தை விட்டுவிட்டு, எழுத்தின் தலைமேல் இருந்த குறியை அழித்தது.

அந்த மொழியில் மெய்யெழுத்து மட்டும் நாற்பத்துநான்கு. உயிர்க்குறிகள் எழுத்துக்கு முன்னால், பின்னால், மேலே, கீழே என்று எங்கு இடம் கிடைத்தாலும் உட்கார்ந்தன. போதாததற்கு, மேலே உட்கார்ந்த குறியின் தோளில் ஏறி நிற்க நான்கு தொனிக்குறிகள் வேறு. துணைக்கு எழுத்தில்லாமல் தனியாக நிற்கும் குறிக்கு அடியில், கணினியே இரக்கப்பட்டுப் புள்ளிகளால் ஒரு வட்டம் போட்டது. புள்ளிகளைக் கண்டாலே புள்ளிக்கு அந்த மூன்று மருத்துவமனைகள் ஞாபகம் வந்துவிடும். பிழை என்று நினைத்து எல்லா வட்டங்களையும் துடைத்தாள். அதன் பிறகு பாதி விசைகளில் ஒன்றுமே இல்லை, மேல் விளிம்பில் பல்லி மாதிரி ஒரு கோடு ஒட்டிக்கொண்டிருந்தது. மறுநாள் முழுக்க உட்கார்ந்து வட்டங்களைத் திரும்ப வரவழைத்தாள்.

ஒன்பதாம் நாள் முதலாளி அவள் மேசைக்கு வந்து நின்றார்.

"மொழி தெரிஞ்சவங்க யார்கிட்டயாவது காட்டினியா?"

காட்டவில்லை. ஊரில் அந்த மொழி தெரிந்தவர் யாரும் அகப்படவில்லை. ஆனால் அன்று காலை, கணினியை வீட்டில் திறந்து வைத்தபோது அவள் கணவர் எட்டிப் பார்த்து, எல்லாம் ஒரே மாதிரி சுருண்டு சுருண்டு இருக்கிறதே என்று சொல்லியிருந்தார். அவர் பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டர்.

"ஒரு வாத்தியார் பார்த்தார் சார்" என்றாள் புள்ளி.

அதில் பொய் என்று தனியாக எடுத்துக் காட்ட எந்தச் சொல்லும் இல்லை. முதலாளியின் முகம் மலர்ந்தது. அன்று மாலைக்குள் ஆஸ்பத்திரிக்கு ஒரு கடிதம் போனது. அதில், மொழி ஆசிரியர் ஒருவர் சரிபார்த்தது என்று இருந்தது. அடுத்த கடிதத்தில் அவர் மொழிப் பேராசிரியர் ஆனார். பெரிய டாக்டர் மிகவும் சந்தோஷப்பட்டு, கம்பி அவிழ்க்கிற நாளன்று அந்தப் பேராசிரியரையும் அழைத்து வாருங்கள், நோயாளி என்ன சொல்கிறார் என்று அவர் மூலம் கேட்டுக்கொள்ளலாம் என்று பதில் எழுதினார்.

விஷயத்தைக் கேட்ட கணவர், சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தவர், பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

"நான் வந்து என்ன செய்யறது? லெஃப்ட் ரைட் சொல்லவா?"

அதற்குள் தள்ளுவண்டி வார்டுக்குப் போய்விட்டது. நர்ஸ் அதைக் கட்டிலோரம் நிறுத்தி, கப்பல்காரரின் காதருகே குனிந்து, இது உங்க ஊர் எழுத்து என்று சத்தமாக, ஒவ்வொரு சொல்லாகப் பிய்த்துச் சொன்னாள். வெளிநாட்டுக்காரர்களுக்குக் காது மந்தம் என்பது அவள் அனுபவம்.

கப்பல்காரர் திரையை நெடுநேரம் பார்த்தார். பிறகு விரல் மெல்ல எழுந்து மேல் மூலைக்குப் போனது. மொழி மாற்றுகிற சின்னப் பொத்தான் அங்கேதான் இருந்தது. கைக்கட்டு பெரிது, பொத்தான் சிறிது. விரல் அதைத் தொடுவதற்குள் கட்டின் விளிம்பு பக்கத்தில் இருந்த நான்கு எழுத்துகளை அமுக்கிவிட்டது. மறுபடி போனார். மறுபடி நான்கு எழுத்து.

அந்தப் பொத்தான்தான் அவருக்கு இடைஞ்சல் என்று, பக்கத்தில் நின்று பார்த்த புள்ளிக்குப் புரிந்தது. அன்றே அதை எடுத்துவிட்டாள். தமிழ், ஆங்கிலம் இரண்டையும் அந்தக் கணினியிலிருந்து கழற்றி, கிடைத்த இடத்தில் தாய் எழுத்துகளை இன்னும் பெரிதாக்கினாள்.

மறுநாள் கப்பல்காரரின் விரல் அதே மூலைக்குப் போய், அங்கே ஒன்றும் இல்லாததைக் கண்டு, காற்றிலேயே நின்றது. பிறகு கண்களை மூடிக்கொண்டார். வெளிச்சம் உறுத்துகிறது என்று புள்ளி திரையை மங்கலாக்கினாள். அவர் கண்ணைத் திறந்து இடுக்கிப் பார்த்தார். எழுத்தைத் தடிமனாக்கினாள். அவர் ஒரே விசையை இருபது தடவை குத்தினார். ஒரு விசையை அடுத்தடுத்து இரண்டு முறைக்கு மேல் ஏற்காதபடி செய்தாள். அதோடு அவர் விசைப்பலகையை விட்டுவிட்டு, விரிப்பின் மேல் விரலால் எதையோ வளைத்து வளைத்துக் கீறத் தொடங்கினார். விரிப்பு அரிக்கிறது என்று நர்ஸ் மாற்றினாள். ஒரே நாளில் மூன்று விரிப்பு.

இருந்தும் புள்ளி தினமும் போனாள். பிற்பகல்களில் அந்த அறை அமைதியாக இருக்கும். சன்னலுக்கு வெளியே கிரேன்கள் பெட்டிகளைத் தூக்கி இறக்கும். அவள் மடியில் கணினியை வைத்துக்கொண்டு எதையாவது திருத்துவாள். நர்ஸ் வந்தால், புரியாதவர்தானே என்று, தன் மாமியாரைப் பற்றி ஒன்று விடாமல் சொல்லிவிட்டுப் போவாள். ஒருநாள் அப்படிச் சொல்லிக்கொண்டிருந்தபோது கப்பல்காரருக்கு நெஞ்சு குலுங்கிக் கண்ணில் நீர் வந்தது. சளி என்று மருந்து கொடுத்தார்கள்.

கம்பி அவிழ்ப்பதற்கு இரண்டு நாள் முன்பு, புள்ளிக்கும் யாரிடமாவது சொல்லியே ஆகவேண்டும் போலிருந்தது. அறையில் அவரைத் தவிர யாரும் இல்லை.

"உங்களுக்கு எங்க புரியப்போகுது" என்று ஆரம்பித்தாள். தனக்கு அந்த மொழியில் ஒரு எழுத்துகூடத் தெரியாது என்றாள். படத்தைப் பார்த்துப் பார்த்து அடுக்கியதுதான் என்றாள். பேராசிரியர் என்று யாரும் இல்லை, தன் வீட்டுக்காரர் பையன்களை மைதானத்தைச் சுற்றி ஓடவிடுகிறவர் என்றாள். "நீங்க என்ன சொல்ல வர்றீங்கன்னு அஞ்சு வாரமா ஒருத்தருக்கும் தெரியல. அது என்னோட தப்பாத்தான் இருக்கும். அதுதான் மனசுக்குக் கஷ்டமா இருக்கு."

விரல் நகர்ந்து வந்து அவள் மணிக்கட்டை இரண்டு முறை தட்டியது. தண்ணீர் கேட்கிறார் என்று அவள் எழுந்துபோய் உறிஞ்சுகுழாயோடு தண்ணீர் கொண்டுவந்தாள். அவர் மறுக்காமல் குடித்தார்.

அந்த நாள் வந்தது. கம்பியைக் காலையிலேயே அவிழ்த்துவிட்டார்கள். பத்து மணிக்குக் கட்டிலைச் சுற்றிப் பெரிய டாக்டர், நர்ஸ், சலவைச் சட்டையில் முதலாளி, அவருக்குப் பின்னால் புள்ளி. டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, பேராசிரியர் எங்கே என்று கேட்டார். வழியில் வந்துகொண்டிருப்பார் என்று முதலாளி புள்ளியைத் திரும்பிப் பார்த்தார்.

காய்ச்சல், வெளியூர், உறவுக்காரர் வீட்டுத் துக்கம் என்று மூன்று காரணங்களை அவள் வீட்டிலிருந்தே யோசித்துக்கொண்டு வந்திருந்தாள். கட்டிலில் இருந்தவரின் கண்களைப் பார்த்ததும் மூன்றையும் விட்டுவிட்டாள்.

"யாரும் வரமாட்டாங்க சார். நான் சொன்ன வாத்தியார் என் வீட்டுக்காரர். டிரில் வாத்தியார். அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நானாத்தான் செஞ்சேன்."

முதலாளி கண்ணாடியைக் கழற்றினார். துடைக்க மறந்து கையிலேயே வைத்திருந்தார். நர்ஸ் ஒரு தேவையும் இல்லாமல் விரிப்பைச் சரிசெய்தாள்.

"அப்போ இது சரியா இருக்கா இல்லையான்னு இங்க யாருக்குமே தெரியாதா?" என்று டாக்டர் கேட்டார்.

பிறகு நான்கு பேருமே மெல்லக் கட்டில் பக்கம் திரும்பினார்கள். அதைச் சொல்லக்கூடியவர் அங்கே ஒருவர்தான். அவர் பேச்சு புரியாவிட்டாலும் முகத்தைப் பார்த்தாவது தெரிந்துகொள்ளலாம். முதலாளி முன்னால் போய், கணினியைக் காட்டி, கட்டைவிரலை மேலே ஒரு தடவையும் கீழே ஒரு தடவையும் நீட்டிக் காண்பித்தார். புள்ளி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஆறு வருஷ வேலை அந்தக் கட்டைவிரலில் தொங்கியது.

கப்பல்காரர் தாடையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அசைத்துப் பார்த்தார். திரையைப் பார்த்தார். தலை குனிந்து நின்றவளைப் பார்த்தார். ஐந்து வாரமாகப் புழங்காத குரல், கரகரத்து, நிதானமாக வெளியே வந்தது.

"அந்தப் பொண்ணு நல்லாத்தாங்க செஞ்சிருக்கு, தாய்லாந்து எழுத்து படிக்கத் தெரிஞ்சவங்க யாராச்சும் வந்து படுத்தா ரொம்ப உதவியா இருக்கும்."